தேக்கா கூட்டமும் கார்கோ வகுப்பும்: ஒரு சிங்கப்பூர் நாட்குறிப்பு

2025 அக்டோபர் 12, ஞாயிறு

சாங்கியில் இறங்கி வெளியே வந்தால் வெயிலே இல்லை, ஆனால் குர்தி முதுகோடு ஒட்டிக்கொண்டது. "டாக்ஸி எதுக்கு, பஸ்ஸே புளோக் வாசல்ல நிக்கும்" என்று அத்தான் சொல்லியிருந்தார். எல்லாரும் கார்டைத் தட்டிவிட்டு ஏறுகிறார்கள், என் சென்னை பேங்க் கார்டைத் தட்டினால் சிவப்பு விளக்கு, மறுபடி தட்டினால் மறுபடி சிவப்பு, பின்னால் வரிசை நீள்கிறது. ஓட்டுநர் ஒரு சீனப் பெரியவர், வாயே திறக்கவில்லை, போ போ என்று கையை மட்டும் ஆட்டினார். பக்கத்து சீட் மலாய் அம்மா தன் கார்டைக் காட்டி, இதைக் கடையில் வாங்கலாம் என்று பாதி சைகையில் சொல்லிக் கொடுத்தார். ஊருக்குள் முதல் பயணமே ஓசியில்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மீனம்பாக்கம் பக்கம் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில், அதாவது மற்றவர்கள் சரக்கை விமானத்தில் அனுப்பித் தரும் இடத்தில், ரேட் கொடுக்கும் வேலை எனக்கு. பெரும்பாலும் மருந்துப் பெட்டிகள், வளைகுடா வழியாக ஆப்பிரிக்காவுக்கு. கிலோவுக்கு இவ்வளவு, எரிபொருளுக்கு இவ்வளவு, அதற்குக் கீழே "வார் ரிஸ்க்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றி இங்கே ஒரு வகுப்பு நடக்கிறது, போர் நடக்கும் இடங்களுக்குச் சரக்கு விமானம் போவதன் ஆபத்துகள் என்று தலைப்பு. ஆபீஸில் யாருக்கும் தீபாவளிக்கு முந்தைய வாரம் வெளியூர் போக மனசில்லை. எனக்கு அக்கா வீடு தெம்பனிஸில் இருக்கிறது, அதனால் நான்.

சாயங்காலம் அக்காவோடு தேக்கா, இங்கத்து லிட்டில் இந்தியா. தீபாவளிக்கு எட்டு நாள்தான், ஞாயிறு வேறு, சிராங்கூன் சாலையில் நடக்கவே முடியவில்லை, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. கேம்பல் லேன் கடைகளில் முறுக்கு டப்பா 12 வெள்ளி என்றார்கள், இங்கே டாலரை அப்படித்தான் சொல்கிறார்கள். மனசுக்குள் 68-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டேன். அக்கா திட்டினாள், "இங்க வந்து பெருக்கிக்கிட்டே இருந்தா பட்டினிதான் கெடப்ப." தேக்கா உணவங்காடியில் மட்டன் பிரியாணி 8 வெள்ளி, தட்டு நிறைய, கூடவே அன்னாசிப்பழம் போட்ட ஒரு பச்சடி. அன்னாசி எனக்கு ஒத்துவரவில்லை, பிரியாணி பிரமாதம்.

ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை ஒன்றின் வாசலில் கட்டுமான வேலைத் தம்பிகள் வரிசையாக நின்றார்கள். சாக்லேட், பால் பவுடர், தைலம், ஒரு பொம்மை கார். தீபாவளிக்குள் போய்ச் சேருமா என்று ஒருவர் கேட்கிறார், கடைக்காரர் "ஏர்ல போட்டா போயிடும்ணே, கப்பல்னா பொங்கல்" என்கிறார். தொழில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அக்டோபர் 13, திங்கள்

வகுப்பறையில் ஏசி என்றால் ஏசி, கறிக்கடை ஃப்ரீசர் கெட்டது. எல்லாரும் ஸ்வெட்டரோடு வந்திருக்கிறார்கள், யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாடம் எடுப்பவர் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன், அறுபதைத் தாண்டிய சீனர். பெயர் வேண்டாம். முதல் மணி நேரம் விதிமுறைகள், எனக்குத் தூக்கம் வந்தது. அப்புறம் விளக்கை அணைக்காமலே, படம் எதுவும் போடாமலே, மேசை மேல் இரண்டு பேனாக்களை வைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னார்.

2003 நவம்பர் 22. பாக்தாத்திலிருந்து பஹ்ரைனுக்குக் கிளம்பிய டிஎச்எல் ஏர்பஸ் ஏ300. உள்ளே மூன்று பேர்: கேப்டன், துணை விமானி, ஃப்ளைட் இன்ஜினியர். சுமார் 8,000 அடி ஏறியபோது, தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை ஒன்று இடது இறக்கையில் அடித்தது. இறக்கை எரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் மூன்றும் காலி. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார்: கையில் இருக்கிற கட்டுப்பாட்டை எப்படித் திருப்பினாலும் விமானத்தில் எதுவும் அசையாது. மிச்சம் இரண்டு இன்ஜின்தான். அந்த இரண்டு பேனாக்களும் இன்ஜின்கள். வலது பேனாவை முன்னால் தள்ளினார், விமானம் இடப்பக்கம் திரும்பும். இரண்டையும் தள்ளினால் மூக்கு மேலே போகும், இழுத்தால் கீழே. ஆனால் உடனே இல்லை, சில நொடி கழித்துத்தான், அதற்குள் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் தள்ளினால் எல்லாம் எதிர்ப்பக்கமாக ஆடத் தொடங்கிவிடும். இடது இறக்கையில் எரிபொருள் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இன்ஜினியர் வலப்பக்கத்து எரிபொருளை இடது இன்ஜினுக்குத் திருப்பிவிட்டார், இல்லையென்றால் ஒரு இன்ஜின் நின்றுபோய் திருப்புவதற்கும் வழி இருந்திருக்காது. சக்கரத்தையும் கையால் சுற்றித்தான் இறக்கினார். இப்படியே பாக்தாத்துக்குத் திரும்பி இறங்கினார்கள். ரன்வேயை விட்டு விலகி மணலில் ஓடி, முள்கம்பிச் சுருளையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

பேனாக்களைப் பையில் செருகிக்கொண்டு, "டீ பிரேக்" என்றார்.

டீக்குப் பிறகு விளக்கம். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இன்ஜின் சூட்டைத் தேடிப் போகிறது, பொதுவாக 15,000 அடிக்கு மேல் எட்டாது. அதனால் ஆபத்தெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பாக்தாத் போகிறவர்கள் அந்தக் காலத்தில் விமான நிலையத்துக்கு நேர் மேலே உயரத்திலேயே வந்து, அங்கிருந்து சுற்றிச் சுற்றி இறங்குவார்களாம். ஊருக்கு மேலே தாழ்வாக நீளமாகப் பறந்து வந்தால் எவனாவது மொட்டை மாடியில் காத்திருப்பான். இதைச் சொல்லும்போது அவர் கையால் போட்ட சுழல் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவரும் அப்படி இறங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

மதியம் கேன்டீனில் மீ கோரெங் 5 வெள்ளி. காரம் கம்மி என்று சொல்லிக் கொடுத்த சம்பாலைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொண்டேன், கண்ணில் தண்ணீர்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று காலையிலிருந்தே இடி. இந்த ஊர் மழை நம் ஊர் மாதிரி யோசித்து யோசித்துப் பெய்வதில்லை, கொட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் எதுவும் நடக்காதது மாதிரி நின்றுவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் என் செருப்பு அடிப்பாகம் வாயைத் திறந்துவிட்டது. வகுப்புக்குள் ஒரு காலை இழுத்துக்கொண்டேதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த நைரோபிப் பெண் தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, கேட்காமலே குனிந்து மாட்டிவிட்டார். சாயங்காலம் வரை அதுதான் தாங்கியது.

இன்றைய பாடம் 2014 உக்ரைன். மலேசிய விமானம் எம்எச்17 நம் எல்லாருக்கும் தெரியும், ஜூலை 17, 33,000 அடியில், 298 பேர். இங்கே அதைப் பற்றிப் பேசினால் இன்னும் குரல் மாறுகிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் அதே வானத்தில் கொஞ்ச தூரத்தில் ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானமும் வந்துகொண்டிருந்தது. ஆனால் கேப்டன் போர்டில் எழுதியது அந்தத் தேதியை இல்லை. ஜூன் 14 என்று எழுதினார்: லுஹான்ஸ்கில் இறங்க வந்த ராணுவச் சரக்கு விமானம் ஐஎல்-76 சுடப்பட்டது, 49 பேர் செத்தார்கள். அதற்குக் கீழே ஜூலை 14: ஏஎன்-26, அதுவும் சரக்கு விமானம், சுமார் 6,500 மீட்டர் உயரத்தில் சுடப்பட்டது. தோளில் வைத்துச் சுடுவது அவ்வளவு உயரம் எட்டாது. அப்படியென்றால் கீழே பெரிய ஆயுதம் ஏதோ வந்துவிட்டது. அன்றே 32,000 அடிக்குக் கீழே பறக்கக்கூடாது என்று உக்ரைன் அறிவித்தது, அதற்கு மேலே திறந்தே இருந்தது. ஜூலை 17 அன்று மட்டும் 160 வணிக விமானங்கள் அந்த வழியாகப் போயிருக்கின்றன.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பட்டது இதுதான். பெட்டி ஏற்றுகிற விமானம் விழுந்தால் அது பேப்பரில் நாலு வரி. பயணிகள் விமானம் விழுந்தால்தான் வானத்தை மூடுகிறார்கள். ஆனால் போரில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் சரக்கு விமானம்தான், ஏனென்றால் மற்றவர்கள் போவதை நிறுத்திய பிறகும் அது போகிறது. அந்த நாலு வரியை ஒழுங்காகப் படித்திருந்தால் மூன்று நாள் கழித்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்.

நைரோபிப் பெண் கை தூக்கினார். அவர் வேலை செய்யும் ஆபீஸ் சோமாலியாவுக்கு அனுப்புகிறது. அங்கே போகிற விமானங்களில் பெரிய வியாபாரம் மீரா என்கிற இலை, மென்று போதை ஏற்றிக்கொள்வது, பறித்த ஓரிரண்டு நாளில் விற்காவிட்டால் வாடிப்போகும். அதனால் சண்டை நடந்தாலும் விமானம் போயே ஆக வேண்டும். இலைக்கு அவ்வளவு அவசரமா என்று ஒருவர் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. 2020 மே 4, கொரோனா நேரம், மருத்துவப் பொருள் ஏற்றிப் போன சின்ன விமானம் ஒன்று பர்டாலே என்ற ஊரில் இறங்கும்போது சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆறு பேர். சுட்டது தீவிரவாதிகள் இல்லை, ஓடுபாதைக்குக் காவல் இருந்த எத்தியோப்பிய ராணுவத்தினர். அந்த விமானம் வரப்போவது அவர்களுக்குத் தெரியாது, தற்கொலைத் தாக்குதல் என்று நினைத்துவிட்டார்கள். "ஒரு போன் கால் போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் தேக்காவில் 15 வெள்ளிக்கு ஒரு செருப்பு. பெருக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று கிடங்கு பார்க்கப் போனோம். வாசலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் கொடுக்க ஒரு மணி நேரம், அதில் ஒருவர் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது என்று எல்லாரையும் நிற்க வைத்துவிட்டார்கள். உள்ளே போனதும் மின்னல் எச்சரிக்கை. வெளியே விமானம் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட வேண்டும், எச்சரிக்கை முடியும் வரை யாரும் நகரக்கூடாது. சரக்கை அடுக்கிக் கட்டி முடித்த தட்டுகள், பேலட் என்பார்கள், தார்ப்பாய் போர்த்தி மழையில் நிற்கின்றன. விமானமும் நிற்கிறது. சிங்கப்பூரில் மின்னலுக்கு இவ்வளவு மரியாதை.

அதனால் ஒரு நல்லது நடந்தது. சும்மா நின்ற நேரத்தில் பேலட் கட்டுகிற தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து, "அக்கா சென்னையா?" என்றார். அறந்தாங்கிக்காரர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கையில் துணியுறை, நெற்றியில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. நான் வருஷக்கணக்கில் பேப்பரில் மட்டும் பார்த்த விஷயத்தை அவர் கையால் காட்டினார். அலுமினியத் தட்டு 96 அங்குலத்துக்கு 125 அங்குலம், அதில் பிளாஸ்டிக் ஷீட், கனமான பெட்டி அடியில், உயரம் போகப் போக விமானத்தின் வளைவுக்கு ஏற்ப உள்ளே ஒடுக்கம், மேலே வலை, வலையின் கொக்கியை ஓரத்துத் தண்டவாளத்தில் மாட்டி இழுத்து முறுக்க வேண்டும். கொக்கி தளர்ந்தால் ஏறும்போது சரக்கு பின்னால் சரியலாம், அவ்வளவுதான். ஒரு தட்டு 6,800 கிலோ வரை தாங்கும். பக்கவாட்டுக் கதவு வழியாக உயரமானதை ஏற்றலாம், மூக்கு திறக்கிற 747-இல் மூக்கு வழியாக என்றால் 96 அங்குலத்துக்கு மேல் கூடாது. இதெல்லாம் அவர் அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே சொல்கிறார்.

"எங்க போகுதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"லேபிள்ல மூணு எழுத்து இருக்கும்க்கா. மொதல்ல ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டிருந்தேன், இப்ப பாக்குறதில்ல" என்று சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கே.ஆர்.டி என்று போட்டிருந்த பெட்டிகள் கொஞ்ச நாள் இங்கேயே மூலையில் கிடந்ததாம். சூடான் தலைநகர் கார்ட்டூம். 2023 ஏப்ரல் 15 காலை அங்கே விமான நிலையத்திலேயே சண்டை தொடங்கியது, தரையில் நின்ற விமானங்கள் எரிந்தன, பயணிகள் ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானமும் ஐ.நா. உணவுத் திட்ட விமானமும் அடி வாங்கின. பறக்கும்போதுதான் ஆபத்து என்றில்லை.

மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் ஜிபிஎஸ். இது ஏவுகணையை விடப் பயமாக இருந்தது, ஏனென்றால் யாரும் உங்களைக் குறி வைக்கவே இல்லை. டிரோன்களைக் குழப்புவதற்காகப் போலி சிக்னல் விடுகிறார்கள், அது மேலே போகிற விமானத்துக்கும் எட்டுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து ஈராக் வானில் இது அதிகமானது, இப்போது கருங்கடல், லெபனான் பக்கம், பால்டிக் எல்லாம். விமானம் தான் இருக்கும் இடத்தைத் தப்பாக நினைத்துக்கொள்கிறது, கடிகாரம் கூட மாறிவிடுகிறது, 35,000 அடியில் போய்க்கொண்டிருக்கும்போது "மலை, மேலே ஏறு" என்று அலாரம் கத்துகிறது. பொய் அலாரம் என்று பழகிவிட்டால், உண்மையான மலை வரும்போது கை தயங்கும். அதுதான் கேப்டனுக்குக் கவலை.

ராத்திரி அத்தானின் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்க சாங்கி வில்லேஜ் போனோம், 29-ஆம் நம்பர் பஸ். எழுபது வயது இருக்கும், விமானத்தில் எதை எங்கே ஏற்றுவது என்று கணக்குப் போடும் வேலையில் ஓய்வு பெற்றவர். நாசி லெமாக் வாங்க அரை மணி நேர வரிசை, கோழி இறக்கை மொறுமொறுப்பு, சம்பால் இனிக்கிறது, 5 வெள்ளி. தலைக்கு மேலே ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று இறங்கிக்கொண்டே இருந்தது.

"இந்த சாங்கி ரன்வேயே சண்டைல வந்தது தான் லா, ஜப்பான்காரன் 1943-ல கைதிங்கள வெச்சு போட ஆரம்பிச்சான்" என்று தொடங்கியவர், நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ரா வரை போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேப்பரில் பார்த்த படங்கள் அவருக்கு இன்னும் நினைவு. நைஜீரியாவில் உள்நாட்டுப் போர், பட்டினி, ஊலி என்ற இடத்தில் சாலையை அகலப்படுத்தி ஓடுபாதையாக்கி, ராத்திரி இருட்டில் உணவு கொண்டு போனார்கள். விமானம் தரையைத் தொடும் நேரத்துக்கு மட்டும் விளக்கு. 1969 ஜூன் 5, செஞ்சிலுவைச் சங்க விமானம் ஒன்றை நைஜீரிய மிக் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது, நாலு பேர் போனார்கள். 1992-லும் அப்படித்தான், போஸ்னியாவின் சரயேவோவுக்குப் போர்வை கொண்டு போன இத்தாலிய விமானம், அதிலும் நாலு பேர். "போர்வை ம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அத்தான் நேஷனல் சர்வீஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, செய்தவர், காஸா பேச்சை எடுத்தார். 2024 மார்ச்சில் சிங்கப்பூர் விமானப் படையின் சி-130 சரக்கு விமானம் ஜோர்தானிலிருந்து போய் வானிலிருந்து உணவு போட்டது, அதில் அவருக்குப் பெருமை. அங்கிள் தலையாட்டினார், ஆனால் அதே மார்ச் 8 அன்று வேறு யாரோ போட்ட சரக்கின் பாராசூட் விரியாமல் கீழே நின்ற ஐந்து பேர் செத்ததையும் சொன்னார். பேச்சு அதோடு நின்றது. அத்தான் எழுந்து போய் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கி வந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

கடைசி வகுப்பு, இன்சூரன்ஸ். சுருக்கமாகச் சொல்கிறேன், இது எனக்கே கொட்டாவி. சாதாரண விமானப் பாலிசியில் போர் வராது, ஏவிஎன் 48பி என்ற பிரிவு அதை வெளியே தள்ளிவிடுகிறது. தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும், வாங்கினாலும் நிலைமை மோசமானால் ஏழு நாள் நோட்டீஸில் ரத்து செய்துவிடலாம். நான் பில்லில் போடும் அந்த ஒரு வரி இங்கிருந்துதான் வருகிறது. ஒழுங்காகக் கட்டுகிற கம்பெனிகள் அந்த ஊர்களுக்குப் போகாமல் ஒதுங்கிக்கொள்ளும், கட்டாதவர்கள் பழைய விமானத்தோடு போவார்கள். உதாரணமாக 2024 அக்டோபர் 21, சூடானின் டார்ஃபூரில் ஒரு ஐஎல்-76. வெளிநாட்டுப் போர் விமானத்தை வீழ்த்திவிட்டோம் என்று சுட்ட ஆர்எஸ்எஃப், அதாவது அரசு ராணுவத்தோடு சண்டை போடும் துணை ராணுவப் படையினர், கொண்டாடினார்கள். சாம்பலில் கிடைத்த அடையாள அட்டைகளைப் பார்த்தால் ரஷ்யர்களும் இருந்தார்கள். விமானம் யாருடையது என்று கேட்டால், கிர்கிஸ்தான் எங்கள் பதிவிலிருந்து அது எப்போதோ போய்விட்டது என்றது.

மத்தியானம் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்கள். அக்கா பக்கத்து வீட்டு ஆன்ரியோடு காத்தோங் செண்பக விநாயகர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், நானும் ஒட்டிக்கொண்டேன். ஆன்ரி யாழ்ப்பாணம், தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே மகனிடம் வந்தவர். என்ன படிப்பு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் சுண்டலைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"பாதை பூட்டியிருந்த காலம் பிள்ளை. கொழும்புக்குப் போறதெண்டால் ஒண்டில் கப்பல், இல்லாட்டில் பிளேன். 95-ல யாழ்ப்பாணத்துப் பலாலியில ஆமியின்ர ஆவ்ரோ பிளேன் ரெண்டு அடுத்தடுத்த நாள் விழுந்தது, அதுக்குப் பிறகும் சனம் பிளேனிலதான் போனது, வேற என்ன செய்யிறது?"

1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து ரத்மலானைக்குக் கிளம்பிய இலங்கை லயன் ஏர் விமானம். ஏஎன்-24, 55 பேர். மன்னார்ப் பக்கத்துக் கடலில் மறைந்தது. அதில் ஆன்ரியின் தெருக்காரர் ஒருவர் இருந்தார், மருமகளுக்கு மருந்து வாங்கப் போனவர். அவர் வீட்டில் பல வருஷம் திதி கொடுக்கவில்லை, எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பார் என்று. போர் முடிந்த பிறகுதான் இரணைதீவுக் கடலுக்கு அடியிலிருந்து சிதைவுகளை எடுத்தார்கள். "சேர்ட்டு ஒண்டைக் கொண்டுவந்து காட்டினவை, இது அவற்றயோ எண்டு. ஆருக்குத் தெரியும், எல்லாம் ஒரே நிறமாப் போயிட்டுது" என்றார்.

கேப்டனின் வகுப்பில் இந்தத் தேதி வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லைதான், அவர் பட்டியல் சரக்கு விமானங்களைப் பற்றியது. ஆனாலும் வரிசை அதேதான்: முதலில் ராணுவத்தின் ஆவ்ரோ, மூன்று வருஷம் கழித்து சனம்.

கோயில் சாப்பாடு அருமை. கத்தரிக்காய்க் குழம்பு இரண்டு தடவை வாங்கினேன், பரிமாறிய பையன் கேட்காமலே மூன்றாவது தடவையும் ஊற்றினான்.

அக்டோபர் 17, வெள்ளி

கிளம்பும் நாள். அக்கா ஒரு பை, ஆன்ரி ஒரு பை, அத்தான் "சும்மா சின்னதுதான்" என்று ஒரு பை. கவுன்டரில் நாலு கிலோ அதிகம், கட்டச் சொன்ன தொகையைக் கேட்டு மைலோ டப்பா இரண்டையும் எடுத்து வெளியே வைத்தேன். ஊரெல்லாம் கிலோவுக்கு ரேட் சொல்கிறவளுக்கு இது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடவே பிடிக்கவில்லை. விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம், காரணம் மின்னல்.

பக்கத்து சீட்டுக்காரர் தோஹாவில் வேலை பார்த்தவர். இந்த ஜூன் 23 ராத்திரி கத்தார் வானத்தை மூடியபோது அவர் நடுவழியில் இருந்தாராம், விமானம் வேறெங்கோ திரும்பி, ஒரு நாள் முழுக்க ஏர்போர்ட் தரையில் படுத்திருந்தார். அன்று எங்கள் ஆபீஸிலும் போன் ஓயவில்லை என்றேன். வழி நீண்டால் எரிபொருள் அதிகம் ஏற்ற வேண்டும், அந்த அளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும், கிலோ விலை ஏறும், இன்சுலின் பெட்டி வெயிலில் நிற்கும். அவர் பாதியிலேயே தூங்கிவிட்டார். சென்னையில் இறங்கினால் பருவமழை தொடங்கியிருந்தது, முழங்கால் அளவு தண்ணீரில் ஆட்டோக்காரர் 900 கேட்டார். புதுச் செருப்பு தாங்கியது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து ஆபீஸ். ஒரு பழைய கஸ்டமர், போர்ட் சூடானுக்கு 1,400 கிலோ ஆன்டிபயாடிக். கார்ட்டூம் விமான நிலையம் மூடியதிலிருந்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த மே மாதம் அங்கும் டிரோன்கள் வந்து அடித்தன. ரேட் அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது, "மேடம், அந்த வார் ரிஸ்க்கை மட்டும் எடுத்துடுங்களேன், மத்ததெல்லாம் ஓகே." முடியாது என்றேன், ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். வேறொரு ஆபீஸில் கிலோவுக்கு 22 ரூபாய் குறைவாகக் கிடைத்துவிட்டதாம். எந்த விமானம், யாருடைய பதிவு என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கல மேடம். சனிக்கிழமை போயிடும்னு சொன்னாங்க."